திட்டத் தேவைகளைக் கையாள்வது எப்படி: பில்லிங் மென்பொருளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

"பில் போட்டவுடன் ஸ்டாக் தானாகக் குறைய வேண்டும்." மொத்த வியாபாரக் கடைக்கு மென்பொருள் செய்யப் போனால் முதலாளி சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். கேட்டவர் அப்படியே எழுதிக்கொள்கிறார், டெவலப்பரும் அப்படியே செய்துவிடுகிறார். முதல் நாளே கவுன்டர் நின்றுபோகிறது. காலையில் லாரியில் வந்திறங்கிய சரக்கின் கொள்முதல் பில்லைச் சாயங்காலம்தான் கணினியில் ஏற்றுவார்கள், ஆனால் அந்தச் சரக்கு மதியமே விற்றுப்போகும். கணினியில் ஸ்டாக் பூஜ்யம் என்பதால் மென்பொருள் பில் போட விடாது.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. பில்லைச் சேமிக்கும்போது குறைய வேண்டுமா, சரக்கு குடோனை விட்டு வெளியேறும்போதா? பில்லை ரத்து செய்தால் ஸ்டாக் திரும்ப ஏற வேண்டுமா? உடைந்த மூட்டை திரும்பி வந்தால் அது நல்ல ஸ்டாக்கில் சேருமா? பூஜ்யத்துக்குக் கீழே போகலாமா, போனால் யாருக்குத் தெரிய வேண்டும்? திட்ட மேலாண்மையில் தேவைகளைக் கையாள்வது என்பது இந்தக் கேள்விகளைக் கோடிங்குக்கு முன்பே கேட்டு, பதிலைச் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதி, மாறும்போது தடம் தவறாமல் பார்த்துக்கொள்வது. பட்டியல் நீளமாக இருப்பதால் பயனில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணமும், ஒரு பொறுப்பாளரும், ஒரு சோதனையும் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரம். ஆண்டு விற்றுமுதல் 8 கோடி ரூபாய். மூன்று பில்லிங் கவுன்டர், ஒரு குடோன், ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் லைன் சேல்ஸ்மேன்கள். கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. பில்லிங்குக்குப் புதிய மென்பொருள் வேண்டும்.

படி 1: யார் சொல்வார்கள், யார் முடிவு செய்வார்கள்

முதலாளியிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். அவருக்கு வியாபாரம் தெரியும், ஆனால் கவுன்டரில் எந்த விசையை எத்தனை முறை தட்டுகிறார்கள் என்பது தெரியாது. பில் போடுபவர், குடோன் பொறுப்பாளர், லைன் சேல்ஸ்மேன், அக்கவுன்டன்ட், வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் எல்லோரையும் பட்டியலில் சேருங்கள். ஆடிட்டரை விட்டுவிட்டால் ஜிஎஸ்டி தொடர்பான தேவைகள் கடைசி வாரத்தில்தான் வெளியே வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் தகவல் தருபவரா, முடிவு செய்பவரா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடன் வரம்பைத் தாண்டிய கடைக்கும் பில் போட வேண்டும் என்பார் சேல்ஸ்மேன். போடவே கூடாது என்பார் அக்கவுன்டன்ட். அவரவர் நிலையில் இருவரும் சொல்வது சரி. யார் பேச்சு நிற்கும் என்பதை முதல் வாரத்திலேயே எழுதி வைத்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். இல்லையென்றால் டெவலப்பர் தனக்குத் தோன்றியதைச் செய்துவிடுவார்.

படி 2: கேட்பதைவிடப் பார்ப்பது

கூட்ட அறையில் கிடைக்கும் பதில், வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான பதில். எப்படி நடக்கிறது என்பது கவுன்டரில்தான் தெரியும். கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் ஒரு மணி நேரம் பில் போடுபவருக்குப் பின்னால் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள். கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதுள்ள மென்பொருளால் முடியாத வேலைகள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்: கைமாற்றாகக் கொடுத்த சரக்கு, பிறகு பில் போட வேண்டியவை, ஒரு கடைக்கு மட்டும் தரும் தனி விலை. எந்த நேர்காணலிலும் கிடைக்காத தேவைகள் இவை.

பழைய காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். விற்பனை பில் இருபது முப்பது, கொள்முதல் பில், கிரெடிட் நோட் (சரக்கு திரும்பினால் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு), டெலிவரி சலான் (சரக்குடன் போகும் சீட்டு), நாள் முடிவுக் கணக்கு. ஒழுங்கான பில்லைவிட அடித்துத் திருத்திய பில் அதிகம் சொல்லும்.

நேர்காணலில் "இது வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஆம் என்றே பதில் வரும். "கடைசியாக இது எப்போது நடந்தது?", "வாரத்துக்கு எத்தனை தடவை?", "இது இல்லையென்றால் அன்று என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை நடப்பதற்காகத் தனித் திரை செய்யத் தேவையில்லை என்பது இந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

கேட்பவர் பெரும்பாலும் தீர்வைச் சொல்வார், தேவையைச் சொல்ல மாட்டார். "எல்லா ரிப்போர்ட்டையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ள வேண்டும்" என்கிறார் அக்கவுன்டன்ட். எதற்கு என்று கேட்டால், தினமும் காலையில் பாக்கி விவரத்தை எக்செல்லில் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் அனுப்புகிறார் என்று தெரியவரும். அவருக்கு வேண்டியது லைன் வாரியான பாக்கிப் பட்டியல், அதுவும் சேல்ஸ்மேன் வண்டியை எடுப்பதற்கு முன். எக்செல் அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மட்டுமே.

பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். "நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு பக்கம் போதும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது.

படி 3: எழுதுவது

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான். தேவைகளை எழுதுவதற்கு ஐஎஸ்ஓ 29148 என்று ஒரு பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. முதலில் 2011இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதை முழுதாகப் படிக்காவிட்டாலும் அதன் அடிப்படை எதிர்பார்ப்புகள் மனதில் இருக்கட்டும்: ஒரு வரியில் ஒரே தேவை, ஒரே பொருள், சரிபார்க்க ஒரு வழி.

ஒவ்வொரு தேவைக்கும் எண், வாசகம், காரணம், யார் எப்போது சொன்னது, முன்னுரிமை, ஏற்பு நிபந்தனை (சோதனையில் எது நடந்தால் தேவை நிறைவேறியது என்பது), நிலை, பதிப்பு என எட்டுக் கட்டங்கள் போதும். எண்ணை ஒருமுறை கொடுத்துவிட்டால் மாற்றாதீர்கள். தேவை நீக்கப்பட்டாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், பழைய மின்னஞ்சலில் "பில்-014" என்றிருப்பது எதைக் குறிக்கிறது என்று பிறகு யாருக்கும் புரியாமல் போகும்.

வாசகத்தில் சில சொற்களைக் கண்டாலே சிவப்பு மையை எடுங்கள்: விரைவாக, எளிதாக, முடிந்தவரை, தேவைப்பட்டால், போன்றவை, முதலியன. "பில் விரைவாக அச்சாக வேண்டும்" என்பதை யாராலும் சோதிக்க முடியாது. "மூன்று கவுன்டர்களும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, 20 வரிகள் உள்ள பில்லைச் சேமித்த 3 விநாடிக்குள் அச்சு தொடங்க வேண்டும்" என்பதை ஸ்டாப்வாட்சுடன் போய்ச் சோதிக்கலாம். அந்த 3 விநாடியை நீங்களாகப் போடாதீர்கள். இப்போதைய மென்பொருள் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து, பில் போடுபவரிடம் கேட்டுப் போடுங்கள்.

வாக்கிய அமைப்புக்கு ஒரு நல்ல முறை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களிடமிருந்து வந்தது. 2009இல் வெளியான அதை ஈயர்ஸ் (EARS) என்பார்கள். எந்த நிலையில், எது நடக்கும்போது, மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரிசையில் எழுதுவதுதான் முறை. தவறு நேரும் சூழலுக்குத் தனி வாக்கியம். தமிழில் "போது", "எனில்" என்று அது இயல்பாகவே அமைந்துவிடும்.

இப்போது ஒரு தேவையைக் கிட்டத்தில் பார்ப்போம். நம் கடையின் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டுவதால், ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிந்து, அது தரும் ஐஆர்என் என்ற எண்ணைப் பெறும் முறை) கட்டாயம். "இ-இன்வாய்ஸ் வசதி வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் வேலை நடக்காது. பிரித்து எழுதினால் இப்படி வரும்:

பில்-014: ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளரின் பில்லைச் சேமிக்கும்போது, மென்பொருள் அதை இ-இன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்ப வேண்டும்.
பில்-015: தளத்திலிருந்து ஐஆர்என் கிடைத்தபோது, 64 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணைப் பில்லுடன் சேமித்து, க்யூஆர் குறியை அச்சில் சேர்க்க வேண்டும்.
பில்-016: 10 விநாடிக்குள் தளத்திலிருந்து பதில் வரவில்லை எனில், பில்லை "இ-இன்வாய்ஸ் நிலுவை" என்று குறித்து, கவுன்டரை அடுத்த பில்லுக்கு விட வேண்டும்.
பில்-017: ஐஆர்என் பெற்று 24 மணி நேரம் கடந்துவிட்டது எனில், ரத்து பொத்தானை மறைத்து, கிரெடிட் நோட் வழியைக் காட்ட வேண்டும்.
பில்-018: ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளருக்குக் கிரெடிட் நோட் போடும்போதும் பில்-014 பொருந்த வேண்டும்.

பில்-016ஐ எழுதும்போதுதான் முக்கியமான கேள்வி எழுகிறது: நிலுவையில் உள்ள பில்லை அச்சடித்துச் சரக்கை அனுப்பலாமா? இ-இன்வாய்ஸ் கட்டாயமான வியாபாரத்தில் ஐஆர்என் இல்லாத பில் ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸாகவே கருதப்படாது. ஆகவே இது ஆடிட்டரைக் கேட்டு முதலாளி முடிவெடுக்க வேண்டிய விஷயம், டெவலப்பர் முடிவெடுக்கக் கூடாது. எல்லாம் சரியாக நடக்கும் வழியை எழுதுவது எளிது. இணையம் போனால், கரண்ட் போனால், ஆள் தப்பாகத் தட்டினால் என்ன ஆகும் என்று எழுதும்போதுதான் உண்மையான தேவைகள் வெளிப்படுகின்றன. பில்-018ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வேண்டும் என்பது முதல் ரிட்டர்ன் வரும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது.

சட்டம் வைக்கும் எல்லைகளை அவற்றுக்கான தேவைக்குள்ளேயே எழுதிவிடுங்கள். பில் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் திரும்ப வரக் கூடாது. முதலாளி கேட்கிறாரே என்று ஊர்க்குறி, கவுன்டர் குறி, நிதியாண்டு, ஆறு இலக்க வரிசை எண், நடுவில் சாய்கோடு எல்லாம் சேர்த்தால் 20ஐத் தாண்டிவிடும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களின் பில்லில், பொருளின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் குறியீடு ஆறு இலக்கம் வேண்டும். பழைய பொருள் பட்டியலில் நான்கு இலக்கமே இருந்தால், அதைத் திருத்துவது யார் வேலை, எத்தனை நாள் ஆகும் என்பதும் திட்டத்தில் வர வேண்டும்.

யாரும் வாயால் கேட்காத தேவைகளும் உண்டு. கொள்முதல் விலையை யார் பார்க்கலாம்? பேக்கப் எங்கே போகும், திரும்ப எடுக்க எவ்வளவு நேரம்? பொருள் பெயர் தமிழில் அச்சாக வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானது அல்ல. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வழக்கமான எழுத்து முறையில் வேகமாக அடிக்கும். தமிழ் எழுத்துகளைப் படமாக அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். தமிழ் அச்சும் மூன்று விநாடி வேகமும் ஒன்றோடொன்று மோதக்கூடும். அந்தக் கடையின் பிரிண்டரிலேயே ஒரு நீளமான பில்லை அடித்துக் காட்டி, எது வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: முன்னுரிமை

மாஸ்கோ (MoSCoW) என்ற முன்னுரிமை முறை 1994இல் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த டாய் கிளெக் உருவாக்கியது. கட்டாயம் வேண்டும், இருக்க வேண்டும், இருந்தால் நல்லது, இப்போதைக்கு வேண்டாம் என நான்கு வகை. எல்லாமே கட்டாயம் என்றுதான் எந்த வாடிக்கையாளரும் சொல்வார். "இது இல்லாமல் முதல் நாள் கடையைத் திறக்க முடியுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள், பாதி தானாகக் கீழே இறங்கும். கட்டாய வகைக்கான உழைப்பு மொத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இந்த முறையைப் பயன்படுத்துவோர் சொல்லும் அளவு. அதற்கு மேல் போனால், தாமதம் வரும்போது கழற்றிவிட எதுவும் மிஞ்சாது. "இப்போதைக்கு வேண்டாம்" பட்டியலையும் எழுத்தில் கொடுங்கள். எது வராது என்று தெரிந்திருந்தால் பின்னால் மனக்கசப்பு குறையும்.

படி 5: சரிபார்ப்பும் கையெழுத்தும்

ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பி "ஓகே" வாங்குவது சரிபார்ப்பு ஆகாது, பெரும்பாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். டெவலப்பர், டெஸ்டர், பில் போடுபவர் மூவரையும் உட்கார வைத்து வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் டெஸ்டர் எப்படிச் சோதிப்பேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரி திரும்பிப் போக வேண்டும். திரை மாதிரிகளைவிட அச்சு மாதிரி இந்த மாதிரிக் கடைகளில் அதிகம் பயன்படும், ஏனென்றால் அவர்கள் நாள் முழுவதும் பார்ப்பது காகிதத்தைத்தான்.

எல்லோரும் ஒப்பிய பின் அதைப் பதிப்பு 1.0 என்று பூட்டி வைத்து, முடிவு செய்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இனி எதுவும் மாறாது என்று அந்தக் கையெழுத்துக்குப் பொருள் இல்லை. இனி மாறுவது எல்லாம் கணக்கில் வரும், அவ்வளவுதான்.

படி 6: மாற்றம் வரும்போது

மாற்றம் வரத்தான் செய்யும். இ-இன்வாய்ஸையே பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. மூன்று ஆண்டுக்குள் இத்தனை முறை இறங்கிய எல்லையை நிரலுக்குள் எண்ணாக எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் திறந்து திருத்த வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் இதே கதைதான். பொருளின் வரி விகிதத்தை எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற விவரத்துடன் வைக்காமல் பழையதன் மேலேயே புதியதை எழுதினால், அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வரும்போது கிரெடிட் நோட்டில் தவறான விகிதம் விழும். ஆகவே தேவையை எழுதும்போதே, இது மாறக்கூடியதா, மாறினால் யார் மாற்றுவார்கள் என்று ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

கடையிலிருந்து வரும் மாற்றங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், நேராக டெவலப்பருக்கு, "சின்ன மாற்றம்தான்" என்ற முன்னுரையோடு வரும். செய்தி எந்த வழியிலும் வரட்டும், ஆனால் பட்டியலில் எண் விழாமல் நிரலில் கை வைக்கக் கூடாது என்று குழுவுக்குள் உறுதியாக இருங்கள்.

"ஒரே பில்லுக்குப் பாதி ரொக்கம், பாதி யுபிஐ வாங்க வசதி வேண்டும்" என்ற கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். திரையில் கூடுதலாக ஒரு கட்டம்தான் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு பில்லுக்கு ஒரு பணமுறை என்று டேட்டாபேஸ் அமைந்திருக்கிறது, அது மாற வேண்டும். நாள் முடிவில் கல்லாவை எண்ணிச் சரிபார்க்கும் ரிப்போர்ட் மாற வேண்டும். டேலிக்குப் போகும் பதிவு ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். சரக்கு திரும்பினால் பணத்தை எந்த வழியில் திருப்புவது என்று புதிய கேள்வி முளைக்கும். முடிந்துபோன சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். எந்தெந்தத் தேவை எண்கள் பாதிக்கப்படுகின்றன, எத்தனை நாள், எவ்வளவு செலவு, முடிவுத் தேதி நகருமா என்று ஒரு பக்கத்தில் எழுதி, முடிவு செய்பவரிடம் கொடுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் பதிப்பு எண்ணை ஏற்றி எல்லோருக்கும் சொல்லுங்கள். மறுத்தால் அதையும் தேதியோடு பதிவு செய்யுங்கள், ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து அதே கோரிக்கை வேறொருவர் வழியாகத் திரும்பி வரும்.

அரை நாளுக்குள் முடியும் மாற்றத்தைத் திட்ட மேலாளரே ஒப்பலாம், அதற்கு மேல் முதலாளி என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டால், எழுத்துப் பிழை திருத்துவதற்கெல்லாம் கூட்டம் போட வேண்டியிராது.

படி 7: தடம் பிடிக்கும் அட்டவணை

எக்செல்லில் நான்கு பத்திகள் போதும்: தேவை எண், அதைச் செய்யும் திரை அல்லது பகுதி, சோதனை எண், சோதனை முடிவு. நூறு நூற்றைம்பது தேவைகள் வரை இதுவே தாங்கும். அதற்கு மேல் போனால் ஜிரா போன்ற, தேவைகளையும் வேலைகளையும் பின்தொடரும் கருவியை யோசிக்கலாம். கருவி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், வாரம் ஒருமுறை நிரப்பாத ஜிரா வெறும் செலவு.

அட்டவணையை இரண்டு திசையிலும் படியுங்கள். முதலில் இடமிருந்து வலம்: எந்தத் தேவைக்குச் சோதனை இல்லை? நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23இல் செவ்வாயை அடையும்போது தொலைந்துபோனதற்கு இந்த இடைவெளிதான் வழிவிட்டது. உந்துவிசைத் தரவு மெட்ரிக் அலகில் இருக்க வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு அலகில் கொடுத்தது, 4.45 மடங்கு வித்தியாசம். தேவை காகிதத்தில் இருந்தும், அந்த மென்பொருள் தந்த கோப்பு அதற்கு ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு உரியபடி நடக்கவில்லை.

பிறகு வலமிருந்து இடம்: எந்தத் தேவையும் கேட்காத எதையாவது மென்பொருள் செய்துகொண்டிருக்கிறதா? 1996 ஜூன் 4இல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடி அளவில் சிதறியது. ஏரியன் 4இலிருந்து எடுத்து வந்த நிரல்பகுதி ஒன்று, புதிய ராக்கெட் கிளம்பிய பிறகு எந்தப் பயனும் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பெரிய எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் பிழையானது. பழைய வாடிக்கையாளருக்குச் செய்த மாட்யூலை அப்படியே கொண்டுவந்து ஒட்டும்போதெல்லாம், இதில் எந்தப் பகுதியை இந்தக் கடை கேட்டது என்று அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

படி 8: ஏற்புச் சோதனை

பில் போடுபவரே, தம் கையால், உண்மையான பொருள் பட்டியலோடு சோதிக்க வேண்டும். பத்துப் பொருள் வைத்த மாதிரித் தரவில் எல்லாம் நன்றாகவே ஓடும். நாலாயிரம் பொருளில் "து" என்று தட்டினால் துவரம்பருப்பு எத்தனையாவது வரியில் வருகிறது என்பதுதான் கேள்வி. படி 2இல் வாங்கிய அடித்துத் திருத்திய பில்களை எடுத்து, ஒவ்வொன்றையும் புதிய மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

சில நாள் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும், தினமும் கல்லாக் கணக்கை இரண்டிலும் ஒப்பிடுங்கள். ஏற்புக் காலத்துக்குள் ஒரு மாத முடிவு கட்டாயம் வர வேண்டும். 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாதந்தோறும், அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாக்கல் ஒருமுறை முடியும் வரை இறுதிக் கையெழுத்தைக் கேட்காதீர்கள்.

இந்த நாள்களில் வரும் புகார்களை இரண்டாகப் பிரியுங்கள். எழுதிய தேவைக்கு மாறாக மென்பொருள் நடந்தால் அது பிழை, கட்டணமின்றித் திருத்த வேண்டும். தேவையிலேயே இல்லாதது என்றால் அது மாற்றம், படி 6க்குப் போக வேண்டும். வாசகம் இரண்டு விதமாகவும் படிக்கும்படி இருந்தால் என்ன செய்வது? எழுதியது நம் தரப்பு என்பதால் அதைப் பிழையாகவே எடுத்துத் திருத்திக் கொடுப்பதுதான் நியாயம். திருத்திய பின் அந்த வாசகத்தையும் மாற்றி எழுதி, பதிப்பு எண்ணை ஏற்றி, பில் போடுபவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.